கடைசி அத்தியாயம் வராத வாரம்

பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பிய புவனேஸ்வரி, தெருமுனையில் தன் மகளைப் பார்த்தாள்.

மகள் என்னவோ வீட்டில் போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் இருந்தது அவள் முகம். மின்கம்பத்துக்கும் டீக்கடைக் கூரைக்கும் நடுவே கட்டியிருந்த பேனரில், பட்டமளிப்புக் குல்லாயுடன், பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள் கவிப்பிரியா.

‘பதிப்பக மேலாண்மைப் பட்ட மேற்படிப்புக்குத் தேர்வாகி, கும்மிடிப்பூண்டி மண்ணுக்குப் பெருமை சேர்த்த எங்கள் செல்ல மகளை வாழ்த்தி வணங்குகிறோம்!’

எழுத்தெல்லாம் சிவப்பு. சுற்றிலும் பட்டாசு வெடிக்கிற மாதிரி மஞ்சள் பொறிகள். கீழே வட்ட வட்டமாக உறவினர் முகங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அப்பா அருணகிரி. திருப்பதி மொட்டையுடன் சித்தப்பா. சித்தப்பா மகன் மதன், பைக்கோடு. தெரு நலச் சங்கத் தலைவர், யாரையோ திட்டப்போகிற முகத்துடன். எல்லாரையும்விடப் பெரிய வட்டத்தில், வெள்ளைச் சட்டையும் கூப்பிய கையுமாகத் தாய்மாமன் பரணிதரன்.

புவனேஸ்வரி இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தாள். வலமிருந்து இடமாக இன்னொரு முறை பார்த்தாள். பெற்றவள் முகத்தைக் காணோம்.

அதை அவள் அப்புறம் யோசித்துக்கொள்ளலாம். முதல் கவலை, ‘தேர்வாகி’ என்கிற அந்த ஒரு சொல்.

ஏனென்றால் கவிப்பிரியா இன்னும் தேர்வாகவில்லை. போன வாரம்தான் சென்னையிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. புத்தகம் போடுகிற தொழிலை, அதாவது எதைப் போடுவது, எத்தனை போடுவது, எந்த ஊருக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதையெல்லாம் சொல்லித்தருகிற இரண்டு வருடப் படிப்பு. அதில் அவளுக்குக் கிடைத்திருப்பது காத்திருப்போர் பட்டியலில் இரண்டாம் இடம்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், புவனேஸ்வரியின் தம்பி பரணிதரன். சிப்காட் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அக்கா மகள் பி.காம். முடித்ததும் மேனேஜரைக் கையைக் காலைப் பிடித்து, அதே கம்பெனியில் நிரந்தர வேலை பேசி வைத்துவிட்டான். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். இந்தப் படிப்புச் சங்கதி அவனுக்குத் தெரியாது. இடம் உறுதியான பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூன்று பேரும் கூடிப் பேசி முடிவெடுத்திருந்தார்கள்.

அந்த மூன்று பேரில் ஒருவர்தான், விடிவதற்குள் கம்பத்தில் ஏறி ஊருக்கே சொல்லிவிட்டார்.

வீட்டுக்குள் அருணகிரி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இரும்பு உருக்கும் ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். இரவு ஷிப்ட் முடிந்து வந்த களைப்பு முகத்தில் கொஞ்சமும் இல்லை.

“பாத்துட்டியா புவனா? எப்டிகீது?”

“இன்னாங்க வேல பண்ணி வச்சிக்கீறீங்க?”

“பேனர் கட வசந்தகுமாரு நேத்தே அடிச்சிக் குடுத்துட்டான். ஷிப்டுல ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுக்கினு வந்து, ரெண்டு பேரும் இருட்டோட இருட்டா கட்டினோம். டீக்கடக்காரன் கண்ணு வெச்சிட்டான்னா பாரேன், ‘அண்ணே, சினிமாக்காரி மாதிரிகீது உன் பொண்ணு’ன்றான்.”

சத்தம் கேட்டு எழுந்து வந்த கவிப்பிரியாவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“நைனா! நான் வெயிட்டிங் லிஸ்ட்டுன்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்ன. நம்பர் ரெண்டுன்ன.”

“அப்பறம்?”

“அப்பறம் இன்னா அப்பறம்? உங்க மாமன் கல்யாணத்துக்கு மதுரைக்குப் போனோமே, அன்னிக்கு நம்ம டிக்கெட்டு இன்னா நம்பரு? வெயிட்டிங் பதினேழு. வண்டி ஏறும்போது கன்ஃபாரம் ஆச்சா இல்லியா? பதினேழே ஆவுது, ரெண்டு ஆவாதா?”

“அது ரயிலு நைனா!”

“ரயில்ல கடைசி நேரத்துல கேன்சல் பண்றான். படிப்புல மட்டும் எவனும் பண்ண மாட்டானா?”

கவிப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள். புவனேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எருமைய வாங்கறதுக்கு முன்ன நெய்க்கு வெல பேசற ஆளுங்க நீங்க,” என்றாள். “பரணி கண்ணுல படறதுக்குள்ள போய் அவுத்துட்டு வாங்க.”

“தூங்கி எழுந்து அவுக்கறேன்,” என்று அருணகிரி பாயை விரித்தார். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது.

பத்து மணிக்கு மேல் கவிப்பிரியாவின் செல்போன் ஒலித்தது. எடுத்துப் பேசியவள், “சரிங்க மேடம், சரிங்க மேடம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். வைத்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒருத்தர் வேற காலேஜுல சேந்துட்டாராம்மா. ஒரு சீட்டு காலி.”

பாயில் படுத்திருந்த உருவம் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தது. “கேன்சல் ஆச்சா இல்லியா?”

“முழுசா கேளு நைனா. லிஸ்ட்டுல மொதல்ல இருக்கறவங்க, ரெண்டாவது நானு, ரெண்டு பேருகிட்டயும் மறுபடி வீடியோல பேசுவாங்களாம். மொதல்ல இருக்கறவங்ககூட காலையிலயே பேசிட்டாங்களாம். எனக்கு மூணு மணிக்கு. அதுல யாருன்னு முடிவு பண்ணி சாயந்திரத்துக்குள்ள சொல்லிடுவாங்களாம்.”

ஒரு இடம். இரண்டு பேர்.

அருணகிரிதான் முதலில் எழுந்தார். “ஏணி எங்ககீது?” என்றார்.

கட்டுகிற போது இருட்டு. அவிழ்க்கிற போது பட்டப்பகல். தெருவில் வேலைவெட்டி இல்லாதவர்கள், இருக்கிறவர்கள் எல்லாருக்கும் அன்று வேலை அதைப் பார்ப்பதாக இருந்தது.

“இன்னாண்ணே, கட்ன கையோட அவுக்கற? போலீஸ் வந்துச்சா?” மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த திலகவதி கேட்டாள்.

“கயிறு லூசா கீதும்மா. இறுக்கிக் கட்டணும்.”

புவனேஸ்வரி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேலே அருணகிரி முடிச்சோடு மல்லுக்கட்டினார். கிரேன் ஓட்டுகிறவர் போட்ட முடிச்சு. அவருக்கே அவிழவில்லை.

“இன்னா, பேசவே மாட்டேன்ற?”

“ஏணி புடிக்கிறவளுக்கு இன்னா பேச்சு?”

“கோவமா கீற.”

“எனக்கின்னா கோவம். ரோட்டுல நிக்கிறேன், வெயிலு காயுது. அவ்ளோதான்.” கேட்க வேண்டாம் என்றுதான் காலையிலிருந்து இருந்தாள். வாய் கேட்டுவிட்டது. “சங்கத் தலைவர் மூஞ்சி கீது. மதன் பைக்கு கூட கீது. என் மூஞ்சி எங்க?”

முடிச்சில் இருந்த கை நின்றது.

“வசந்தகுமாரு தான்… பொம்பளைங்க போட்டோ ரோட்டுல வேணாண்ணே, கண்டவன் பாப்பான்னான்.”

“அப்ப நடுவுல நிக்கிறாளே, அவ யாரு? ஆம்பளயா?”

ஏணியின் மேல் நிற்கிற மனிதரால் தலையைச் சொறியவும் முடியவில்லை. அவர் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அவன் சொன்னது நெசம். ஆனா அதுக்காக வுடல. உன் போட்டோ ஒண்ணுதான் என்கிட்ட கீது. அத அவன் மிஷின்ல வெச்சி, வேல முடிஞ்சதும் எங்கியாவது போட்டுட்டான்னா? அவன் கடையப் பாத்துக்கீறல்ல, குப்ப மேடு. அதான் குடுக்க மனசு வரல.”

“ஊட்டுல ஏது என் போட்டோ? கத வுடாதீங்க.”

அருணகிரி ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து நீட்டினார். “பின்னாடி கவரைக் கழட்டு.”

கழற்றினாள். உள்ளே, நீலப் புடவையில், இரட்டை மூக்குத்தியோடு, கல்யாணமான புதிதில் எடுத்த பாஸ்போர்ட் அளவு படம். ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. போன் மாற்றியபோதெல்லாம் கவர் மாற்றியபோதெல்லாம் இதுவும் மாறிக்கொண்டு வந்திருக்கிறது. அவளுக்கு இத்தனை நாள் தெரியாது.

புவனேஸ்வரி கவரை மறுபடி மாட்டினாள். மாட்டுவதற்கு வழக்கத்தைவிட நேரமானது.

“கீழ எறங்குங்க மொதல்ல,” என்றாள். “வுழுந்து கிழுந்து வெக்கப் போறீங்க.”

அப்போதுதான் கையிலிருந்த அந்த செல்போன் அடித்தது. பரணி.

“மாமா, மாமா…” என்று அலறியது எதிர்க்குரல்.

“அக்கா பேசறேன்டா.”

“நீயா? நல்லதாப் போச்சு. என் மூஞ்சியப் போட்டு, எனக்கே தெரியாத சேதிய ஊருக்குச் சொல்லிக்கீறீங்க! மதன் ஸ்டேட்டஸ் வெச்சிக்கீறான். கம்பெனில காலையிலேர்ந்து ஒருத்தன் மாத்தி ஒருத்தன் எனக்குக் கை குடுக்கறான். எதுக்குன்னு தெரியாம நானும் சிரிச்சிக்கினு நிக்கிறேன்க்கா. கடசில மேனேஜர் கூப்ட்டு, ‘இன்னாப்பா பரணி, உன் பொண்ணு திங்கக்கிழம வராதா?’ன்றாரு. நான் இன்னா சொல்லட்டும்?”

“பரணி, நான் சொல்றத கேளு…”

“ஒண்ணும் வேணாம். ஷிப்டு முடிச்சி நேரா அங்கதான் வரேன்.”

வைத்துவிட்டான். பரணிதரன் கத்தினால் பயமில்லை. சின்ன வயதிலிருந்தே கத்திவிட்டு ஐந்தாம் நிமிஷம் சோறு கேட்கிறவன். ஆனால் இன்று கடைசியில் குரல் இறங்கிவிட்டது. அதுதான் புவனேஸ்வரிக்கு உறுத்தியது.

கயிற்றை அறுத்து பேனரை வீட்டு மூலையில் சுருட்டி வைத்த பிறகு, மத்தியானம் சுகிர்தா வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள். மருந்து கம்பெனியில் மாத்திரை அடைக்கிற வேலை.

“அக்கா, அந்தத் தாமர கதயக் குடேன். எங்க அண்ணி ஊர்லேர்ந்து வந்துகீறா.”

இதை இங்கே கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

புவனேஸ்வரி வாரப்பத்திரிகைகளில் வருகிற தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைப்பாள். தெருவே அவளிடம் வாங்கிப் படிக்கும். வாங்கியவர்கள் திருப்பித் தர வேண்டுமே? அதற்கு அவள் ஒரு உபாயம் வைத்திருந்தாள். எந்தக் கதையானாலும் கடைசி அத்தியாயத்தை மட்டும் சேர்த்துத் தைக்க மாட்டாள். அது தனியாகப் பிஸ்கட் டின்னில் இருக்கும். புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தால், உள்ளே உட்காரவைத்து, டீ கொடுத்து, கடைசி அத்தியாயத்தைக் கையில் தருவாள். இன்றுவரை ஒரு புத்தகம் தொலைந்ததில்லை.

தாமரை கதைக்கு மட்டும் டின்னில் கடைசி அத்தியாயம் கிடையாது. தாமரை ஒரு நர்ஸ். வெளிநாடு போன புருஷன் எட்டு வருஷமாகப் பேச்சு மூச்சில்லை. ஒரு நாள் சாயங்காலம் வந்து கதவைத் தட்டுகிறான். ‘கதவருகே போய் நின்றாள் தாமரை’ என்று அந்த வாரம் முடிந்தது. கடைசி அத்தியாயம் வர வேண்டிய அடுத்த வாரம், ஊரெல்லாம் வெள்ளக்காடான அந்தப் பெருமழை. ரயில் ஓடவில்லை. பத்திரிகை வரவில்லை. கதை பிறகு புத்தகமாகவும் வரவில்லை.

படித்துவிட்டுத் தவித்துக்கொண்டு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? புவனேஸ்வரி முடிவை வாயால் சொல்ல ஆரம்பித்தாள். புருஷன் விட்டுப்போய், இன்றும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற திலகவதிக்கு, தாமரை கதவைத் திறந்தாள். குடிகாரனை உதறிவிட்டு வந்து தன் காலில் நிற்கிற சுகிர்தாவுக்கு, தாமரை தாழ்ப்பாளைப் போட்டாள். ஒரு நாள் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துவிட்டு இரண்டு பேரும் பேசிக்கொண்டதில் தொடங்கிய சண்டை, இன்னும் தீரவில்லை.

“அந்தப் பொம்பள மறுபடியும் தொறந்தான்றாக்கா,” என்று இன்றும் மாடியைக் காட்டி முறையிட்டாள் சுகிர்தா. “எட்டு வருசம் கயிச்சி வந்தவனுக்கு எவளாவது தொறப்பாளா? நீயே சொல்லு.”

“புக்க எடுத்துக்கினு போ தாயி. எங்கூட்டுல இன்னிக்கு வேற பேஜாரு,” என்று அவளை அனுப்பிவைத்தாள் புவனேஸ்வரி.

மூன்று மணி.

முன்னறையில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். மின்விசிறி சத்தம் போடும் என்று நிறுத்தியாயிற்று. அருணகிரி வாசலில் காவல். கோலமாவுக்காரனை வாயில் விரலை வைத்துத் துரத்தினார். தண்ணீர் கேன் போட வந்தவனை, வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். புவனேஸ்வரி அடுப்பங்கரையில், கீரையை ஆய்கிறதாகப் பேர், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கல்லூரியிலிருந்து பேசியவர் எபினேசர் என்பவர். வயதான, நிதானமான குரல்.

“ஏன் இந்தப் படிப்பு?”

“எனக்குச் சின்ன வயதிலிருந்தே புத்தகங்கள் மேல் ஆர்வம் சார். நல்ல புத்தகங்களை வாசகர்களிடம் கொண்டுசேர்ப்பது ஒரு சமூகப் பொறுப்பு என்று…”

கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தது. புவனேஸ்வரிக்கே வரி வரியாகத் தெரியும்.

“காலையில் பேசியவரும் இதையேதான் சொன்னார்மா. கிட்டத்தட்ட இதே சொற்கள்.” குரலில் கிண்டல் இல்லை, அலுப்பு இருந்தது. “நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசினா நான் எப்படித் தேர்ந்தெடுக்கறது?”

அடுப்பங்கரையில் கீரைக்காம்பு ஒன்று இரண்டாக ஒடிந்தது.

“எங்க அம்மா தொடர்கதைய பைண்டு பண்ணி வெப்பாங்க சார்,” என்றாள் கவிப்பிரியா திடீரென்று. மனப்பாடக் குரல் போய், வீட்டுக் குரல் வந்துவிட்டது.

அப்புறம் நிற்கவில்லை. கோணி ஊசி, காலண்டர் அட்டை, பிஸ்கட் டின், தாமரை, திலகவதி அக்கா, சுகிர்தா அக்கா, தண்ணீர் லாரிச் சண்டை, எல்லாம் வந்தது. எபினேசர் வாய்விட்டுச் சிரிப்பது அடுப்பங்கரை வரை கேட்டது. புவனேஸ்வரி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். தான் சொன்னது கட்டிய முடிவென்று தெருவில் ஒரு குருவிக்கும் தெரியாது என்றல்லவா இருந்தாள்!

சிரிப்பு அடங்கியது.

“கேக்க நல்லா இருக்கு. ஆனா ஒருத்தர் எழுதின கதைக்கு உங்க அம்மா ஆளுக்கொரு முடிவு சொல்லியிருக்காங்க. நாளைக்கு நீங்க ஒரு பதிப்பாளர். அந்த எழுத்தாளர் உங்க எதிர்ல வந்து உட்கார்ந்திருக்கார். இது தப்பா, சரியா?”

புவனேஸ்வரி கீரையைத் தள்ளி வைத்தாள். போச்சு. பெண்ணுடைய இடத்தைத் தாயே வாயால் கெடுத்தாள்.

“தப்புதான் சார்,” என்றாள் கவிப்பிரியா.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“அவருகிட்ட மன்னிப்பு கேப்பேன். ஆனா அந்தத் தப்பு எங்க அம்மாகிட்ட ஆரம்பிக்கல சார். மழை விட்டதும் அம்மா என்னையும் கூட்டிக்கினு ஸ்டேஷன் கடைக்குப் போனாங்க. போன வாரத்துப் பத்திரிகை வந்துச்சான்னு கேட்டாங்க. வரலம்மான்னாரு. மறுவாரமும் போனோம். ‘பழசெல்லாம் இனிமே எங்கம்மா வரும், புதுசு எடுத்துக்கினு போ’ன்னாரு. அவரு மேல தப்பில்ல. அவருக்கு வந்தாத்தானே குடுப்பாரு? எழுதினவரு எழுதிட்டாரு. அச்சடிச்சவங்க அடிச்சிட்டாங்க. மழை விட்டதுக்கப்பறம் ஒரு கட்டு எங்க ஊருக்கும் அனுப்பலாம்னு யாருக்கும் தோணல. இங்க ஒருத்தங்க கதவுகிட்ட நிக்கிறாங்கன்னு அங்க யாருக்கும் தெரியல சார். அது யாரு வேல? அந்த வேலயத்தான் நான் படிக்கணும்.”

சிக்னல் போய்விட்டதோ என்று புவனேஸ்வரி எட்டிப் பார்த்தாள். போகவில்லை.

“சரிம்மா. சாயந்திரம் சொல்றோம்,” என்றார் எபினேசர். அந்தக் குரலிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“என் மானத்த வாங்கிட்டியேடீ,” என்று வந்தாள் அம்மா. “நான் கட்டிச் சொன்னதுன்னு உனக்கு எப்டித் தெரியும்?”

“கடைக்கு நானும் தானம்மா வந்தேன்? பத்திரிகயே வரல, முடிவு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சாம்?”

“தெரிஞ்சிக்கினேவா இத்தினி நாளு சும்மா இருந்த?”

“எனக்குச் சொன்ன முடிவு புடிச்சிருந்துச்சி. அதான்.”

புவனேஸ்வரி மகளுக்குத் தலை வாரிவிட உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அம்மா தலை வார வேண்டியதில்லைதான். ஆனாலும் சீப்பு போய்க்கொண்டே இருந்தது. பின்னல் இரண்டு முறை பிரித்துப் பின்னப்பட்டது. மாலை ரயிலில் வந்தவர்கள் தெருவில் நடக்க ஆரம்பித்தபோது செல்போன் ஒரு முறை துடித்தது.

கவிப்பிரியா படித்தாள். மறுபடி படித்தாள். அப்பாவிடம் நீட்டினாள். அருணகிரி கண்ணாடியைத் தேடி, மாட்டி, எழுத்துக்கூட்டி, பாதியிலேயே கத்தினார்.

“கன்ஃபாரம்!”

மகளைக் கட்டிக்கொண்டவர் அடுத்த நிமிஷமே மூலையில் சுருட்டி வைத்திருந்த பேனரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“எங்க கெளம்பிட்டீங்க? மறுபடியுமா?”

“இப்ப எருமய வாங்கியாச்சுல்ல?” என்றார் அருணகிரி. வாசலில் நின்று செல்போன் கவரைக் கழற்றினார். “வசந்தகுமாரு ஸ்டிக்கர் அடிப்பான். சங்கத் தலைவரு மூஞ்சி மேல உன்னுத ஒட்டிடலாம். பக்கத்துலயே நின்னு வாங்கிக்கினு வரேன், தொலைக்க வுட மாட்டேன்.”

“அய்யே, அந்த நீலப் பொடவயா? வேற…” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். “சரி, போய்ட்டு வாங்க.”

அவர் தெருமுனை திரும்பிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒரு பைக் வந்து நின்றது. அந்தச் சத்தம் இந்த வீட்டுக்குப் பழக்கம். ஆனால் எப்போதும் “அக்கா, சோறு போடு” என்று கூவிக்கொண்டே உள்ளே வருகிறவன், இன்று வெளியே நின்று கதவைத் தட்டினான்.

புவனேஸ்வரி எழுந்தாள். “நீ உள்ள போ. நான் பேசிக்கிறேன் அவங்கிட்ட.”

“வேணாம்மா.” கவிப்பிரியா அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். “தாமர கதைக்கு எனக்கு இன்னா முடிவு சொன்ன? ஞாபகம் கீதா?”

ஞாபகம் இல்லாமல் என்ன. மழை ஈரம் காயாத வீட்டில், ஆறாம் வகுப்புப் பெண் மடியில் தலைவைத்துக்கொண்டு கேட்டது. திலகவதிக்கும் சுகிர்தாவுக்கும் சொல்வதற்கெல்லாம் முன்னால், முதன்முதலாகக் கட்டிய முடிவு.

“கதவத் தொறந்தா. உள்ள வாங்க, உக்காருங்கன்னா. தண்ணி குடுத்தா.” புவனேஸ்வரி வாசலைப் பார்த்தாள். “அப்பால செருப்ப மாட்டிக்கினு அவ வெளிய போனா.”

மறுபடி தட்டல்.

கவிப்பிரியா போய்க் கதவைத் திறந்தாள். பரணிதரன் நின்றிருந்தான். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் கலையாத புது யூனிபார்ம். சட்டைப்பைக்கு மேல் கம்பெனியின் பேர், கீழே நூலால் தைத்திருந்தது: கவிப்பிரியா. அவன் கண் சிவந்திருந்தது. கோபமா, வேறேதுமா என்று சொல்ல முடியவில்லை.

“உள்ள வாங்க மாமா,” என்றாள் அவள். “உக்காருங்க. தண்ணி எடுத்தாரேன்.”

அவன் அவளைத் தாண்டி உள்ளே வந்தான்.

புவனேஸ்வரி தம்பியைப் பார்க்கவில்லை. வாசலுக்குப் போனாள். அங்கே ஒன்று கவிழ்ந்தும் ஒன்று நிமிர்ந்தும் கிடந்தது மகளின் செருப்பு. குனிந்து எடுத்து, தூசி தட்டி, இரண்டையும் தெருவைப் பார்த்தபடி ஜோடியாகத் திருப்பி வைத்தாள்.